நீங்க எந்தத் தோட்டம்?

மலேசியாவில் இரண்டு தமிழர்கள் புதிதாகச் சந்தித்துக்கொண்டால், பெயருக்கு அடுத்து வருகிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நீங்க எந்தத் தோட்டம்?" கேட்பவர் கொஞ்சம் வயதானவர் என்றால் நிச்சயம் இதுதான். பதில் சொல்கிறவர் ஈப்போவில், குனோங் ராபாட்டில், ஒரு தாமான் வீட்டில் பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம். ரப்பர் பாலை அவர் கையால் தொட்டிருக்கவே மாட்டார். ஆனாலும், "அப்பா சுங்கை சிப்புட் பக்கம்ங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தப் பக்கத்துத் தோட்டம் இன்று செம்பனையாகியிருக்கும், இல்லையென்றால் இன்னொரு தாமானாகியிருக்கும். இல்லாத ஓர் இடத்தைச் சொல்லித்தான் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

இந்தப் பதிலில் தவறொன்றும் இல்லை. ஆனால் நம் புனைகதையும் இதே பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் அதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மனிதப் புவியியலில் 'வெளி' வேறு, 'இடம்' வேறு என்று பிரித்துப் பேசியவர் யீ-ஃபூ துவான். அவருடைய நூல் 1977-இல் வந்தது. பழக்கமில்லாத வெளியில் நாம் புழங்கி, அதற்கு ஒரு மதிப்பையும் பொருளையும் கொடுக்கிறபோது அது இடமாகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு ஓராண்டு முன்பு எட்வர்ட் ரெல்ஃப் எழுதிய நூல் இன்னொன்றைச் சேர்த்தது: ஓர் இடத்துக்கு உள்ளே இருப்பதிலும் வெளியே இருப்பதிலும் பல படிகள் உண்டு. ஒரே தெருவில் நாற்பது வருடம் குடியிருந்தும் மனதளவில் வெளியே நிற்க முடியும்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் தோட்டம் முழுமையான இடம். லயம், பெரட்டு, தண்டல், கிராணி, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் நடந்து போகிற தூரத்தில். அடக்குமுறை இருந்தது, சாதியும் லயத்துக்குள் கூடவே வந்தது. ஆனால் யார் எங்கே நிற்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கா. பெருமாளின் 'துயரப் பாதை' தோட்டங்கள் உயிரோடு இருந்த காலத்திலேயே தோட்டத்தை எழுதியது. அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அது வெளியிலிருந்து வந்தவரின் பரிவோடு எழுதப்பட்ட நாவல். அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' அவசரகாலத்தைத் தமிழர் அனுபவமாகச் சொன்னது. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்ட மனிதர்களின் பேச்சை அதன் கொச்சையோடு கொண்டுவந்தது. இந்த வரிசை நமக்குப் பெரிய சொத்து.

சிக்கல் இவற்றின் நிழலில் முளைத்த கதைகளில் இருக்கிறது. விடியற்காலைப் பனி, நெற்றியில் கட்டிய விளக்கு, வாளியைத் தூக்கிக்கொண்டு போகும் அம்மா, குடித்துவிட்டு வரும் அப்பா, கடைசிப் பத்தியில் காலியான லயம். போட்டிக்கு வருகிற சிறுகதைகளில் இந்தப் பட்டியலை மனப்பாடமாகவே சொல்லிவிடலாம். எழுதியவருக்கு வயசு இருபத்தைந்து. பெரட்டுக் களம் எப்படி இருக்கும் என்று அவர் தெரிந்துகொண்டதே கதைகளிலிருந்துதான். தன் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற மலை மட்டும் கதையில் இருக்காது.

"அப்போ தோட்டத்தை மறந்துடணுமா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. தோட்ட நினைவை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. 1950-களின் பிற்பகுதியில் ஐரோப்பியர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் சேர்ந்தே இழந்தன. வேலை போனால் கூரையும் போகும், அதுதான் தோட்ட ஏற்பாடு. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த நெருக்கடியில்தான். தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பினாங்கின் கம்போங் புவா பாலா மக்கள், நாங்கள் இங்கே வேலை செய்த தோட்டத் தொழிலாளிகளின் வாரிசுகள் என்று சொல்லித்தான் வழக்காடினார்கள். வழக்கு தோற்றது. 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன. பட்டா இல்லாதவர்களிடம் இருந்த ஒரே ஆவணம் நினைவுதான். தோட்டம் அழிந்து, பள்ளி ஊருக்குள் இடம் மாறிய பிறகும் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயரை விடாமல் வைத்திருக்கும் தமிழ்ப்பள்ளிகள் நாடு முழுக்க உண்டு. அந்தப் பெயரும் ஓர் உரிமைக்கோரல்தான்.

ஆகவே நினைவு இருக்கட்டும். ஆனால் அந்த நினைவு, இப்போது நிற்கிற இடத்தைப் பார்க்கவிடாமல் செய்கிறதா என்பதைப் பேசியாக வேண்டும்.

குனோங் ராபாட்டையே எடுத்துக்கொள்வோம். மலாயில் 'ராபாட்' என்றால் நெருக்கம். நெருங்கி நிற்கும் மலை. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழும்பி நிற்க, அடிவாரத்தில் வீடுகள். மலைக்குள் சாம் போ தோங், கெக் லோக் தோங் சீனக் குகைக் கோயில்கள். அவசரகாலத்தில் நாடெங்கும் சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். குனோங் ராபாட்டிலும் அப்படியொரு கம்போங் பாரு உருவானது. இன்று வெளியூர்க்காரர்கள் ஹியோங் பியா வாங்க அங்கே போகிறார்கள். பள்ளத்தாக்கு முழுக்க ஈயக்குட்டைகள். 1985-இல் ஈய விலை சரிந்ததும் அந்தத் தொழிலும் படுத்துவிட்டது. தோட்டத்திலிருந்து வெளியேறிய தமிழனும், முள்வேலிக்குள் தள்ளப்பட்டவர்களின் பிள்ளையான சீனனும், ஈயம் கைவிட்ட தொழிலாளியும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற இடம் இது.

புவியியலாளர் டோரீன் மாஸி 1991-இல் எழுதிய கட்டுரையில், லண்டனில் தான் வாழ்ந்த கில்பர்ன் தெருவை வைத்து ஒன்றைச் சொன்னார். இடத்துக்கு ஒற்றை வேர், ஒற்றை அடையாளம் என்று எதுவும் கிடையாது. வெவ்வேறு திசைகளிலிருந்து வந்த பாதைகள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன, அந்தச் சந்திப்புதான் இடம். அவர் குனோங் ராபாட்டைப் பார்த்திருந்தால் உதாரணத்துக்கு அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்! நம் தோட்டக்கதைகளின் இடம் இதற்கு நேர்மாறானது. அங்கே சீனன் என்றால் கடைக்காரன், மலாய்க்காரன் என்றால் போலீஸ்காரன். அது தோட்டத்தின் உண்மையாக இருந்திருக்கலாம், தாமானின் உண்மை அதுவாக இருக்க முடியாது.

இந்த மலைகளிடம் நமக்கே சொந்தமான கதைகளும் உண்டு. ஈப்போவில் தைப்பூசக் காவடிகள் போய்ச் சேருகிற முருகன் கோயில் குனோங் சீரோவின் குகையில்தான் இருக்கிறது. அதே குனோங் சீரோவில் 1973 அக்டோபர் 18-ஆம் தேதி பாறை பெயர்ந்து அடிவாரத்து வீடுகள் மேல் விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். சாமி குடியிருக்கிற மலையே ஆளைக் கொன்றது. இதைக் கதையாக நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? லயத்தில் செத்தவர்களுக்குக் கொடுத்த கண்ணீரில் ஒரு துளியாவது இவர்களுக்கு மிச்சம் வைத்தோமா?

தோட்டத்தைத் தாண்டி வந்து பார்த்த படைப்புகள் இல்லாமலில்லை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) படம் 1990-களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு வயது அப்போயைப் பின்தொடர்கிறது. படத்துக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது, ஆனால் படம் அங்கே திரும்பிப் போகவில்லை. பையனுக்கு முன்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தையும் குண்டர் கும்பலையும் அப்பாவின் பிரம்பையும்தான் பார்க்கிறது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் மொழிப் படங்கள், பிறமொழிப் படங்கள் என்று பிரித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்'டுக்கே வந்தது. தன் தெருவை உள்ளபடி காட்டிய தமிழ்ப்படம்தான் நாட்டின் படமாகவும் ஏற்கப்பட்டது. பிரீத்தா சமரசன் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் (2008) ஈப்போவின் ஒரு வக்கீல் வீட்டுக்குள் போய், வேலைக்காரப் பெண் செல்லம் வழியாகத் தமிழருக்குள் இருக்கும் வர்க்க வேலியைக் காட்டியது. எல்லோரையும் 'தோட்டத்துப் பிள்ளைகள்' என்று ஒரே பாட்டாகப் பாடும்போது மறைந்துபோவது இந்த வேலிதான்.

மலாயில் 'தாமான்' என்றாலும் தோட்டம்தான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வந்திருக்கிறோம், இரண்டிலும் நட்டவன் வேறு ஆள். ஆனால் கா. பெருமாள் தன் காலத்துத் தோட்டத்தைப் பார்த்தது போல இந்தத் தாமானைப் பார்க்க முடியும். அவரிடமிருந்து இளம் எழுத்தாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, கண்முன் இருந்ததை எழுதிய அந்தத் துணிவை. இன்றைக்குக் கண்முன் என்ன இருக்கிறது? லாரிகள் கிளப்பிய சுண்ணாம்புத் தூசி படிந்த துணிக்கொடி, பக்கத்துவீட்டு ஆன்ட்டியிடமிருந்து ஒட்டிக்கொண்ட கன்டனீஸ், மூன்று மொழியில் சண்டை போடத் தெரிந்த பிள்ளைகள், ஐந்தடிச் சந்தில் வைத்த சாமி மேடை.

கிந்தாவின் சுண்ணாம்பு மலைகளைக் கல்குவாரிகள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய குவாரிக் குழியில் தண்ணீர் தேங்கிய தாசேக் செர்மினில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். இன்னும் முப்பது வருடம் கழித்து, மலை இருந்த இடத்தைப் பற்றி உருக்கமான கதைகள் நிச்சயம் வரும். மலை இன்னும் நிற்கிறபோதே ஒன்றிரண்டை எழுதிவிட்டால் நல்லது.