கால் மைல் ஓடுதளம் உருவாக்கிய கார் மரபுகள்

நின்ற நிலையிலிருந்து இரண்டு கார்கள் ஒன்றாகப் புறப்பட்டு, நேர்கோட்டில் வழக்கமாகக் கால் மைல், அதாவது 1,320 அடி (ஏறத்தாழ 402 மீட்டர்) தூரத்தை எது முந்திக் கடக்கிறது என்று பார்க்கும் போட்டியே டிராக் ரேஸ் ஆகும். தென் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் உச்ச வேகத்தை அளந்துவந்த இளைஞர்கள், 1950-இல் சாண்டா அனா விமானத்தளத்தின் ஓடுபாதைக்கு வந்தபோது கேள்வியே மாறியது. எவ்வளவு வேகம் எட்ட முடியும் என்பதைவிட, அந்த வேகத்தை எவ்வளவு விரைவில் எட்ட முடியும் என்பதே முதன்மை பெற்றது.

முதலில் தோன்றியது எடைக்குறைப்பு மரபு. டிக் கிராஃப்ட் 1950-இல் ஓட்டிய 'பக்' என்னும் கார், பழைய ஃபோர்டு மாடல் டி காரின் உடற்பகுதி களையப்பட்டு, சட்டமும் எஞ்சினும் இருக்கையுமாக நின்றது. அடுத்து வந்த மரபினர், எடையைக் குறைப்பதுடன் அதை எங்கே வைப்பது என்றும் சிந்தித்தனர். எவ்வளவு ஆற்றல் பிறந்தாலும் டயர் தரையைப் பற்றாவிட்டால் சக்கரம் வீணே சுழலும் என்பதால், மிக்கி தாம்ப்சன் 1954-இல் ஓட்டுநரைப் பின் அச்சுக்கும் பின்னால் அமர்த்தி, பின் டயர்களின் மேல் பாரம் ஏற்றினார். 'ஸ்லிங்ஷாட்' எனப்பட்ட இந்த அமைப்பு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கோலோச்சியது.

மூன்றாவது மரபு எஞ்சின்களைப் பெருக்கியது. லாயிட் ஸ்காட்டின் 'பஸ்ல் பாம்ப்' ஓட்டுநருக்கு முன்னே ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சினையும் பின்னே காடிலாக் எஞ்சினையும் தாங்கி, 1955-இல் கான்சஸின் கிரேட் பெண்டில் நடந்த முதல் தேசியப் போட்டியில் மணிக்கு 151 மைல் வேகம் கண்டது. ஒஹாயோவின் ஆர்ட் ஆர்ஃபன்ஸ், போர் விமானங்களுக்கென உருவான, 28 லிட்டர் கொள்ளளவுள்ள அலிசன் எஞ்சினைத் தம் 'கிரீன் மான்ஸ்டர்' கார்களில் பொருத்தினார்.

இம்மரபின் வளர்ச்சிக்கு விதிமுறையும் காரணமாயிற்று. தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால் எஞ்சினுக்குள் மிகுதியாக எரியக்கூடிய நைட்ரோமீத்தேன் எரிபொருளை, 1951-இல் வாலி பார்க்ஸ் நிறுவிய தேசிய ஹாட் ராட் சங்கம் 1957-இல் தடைசெய்தது. பெட்ரோலுடன் நிற்க வேண்டியவர்கள் கூடுதல் ஆற்றலுக்குக் கூடுதல் எஞ்சின்களை நாடினர். டாமி ஐவோ 1961-இல் நான்கு பியூக் எஞ்சின்களைக் கொண்டு நான்கு சக்கரங்களையும் இயக்கிய 'ஷோபோட்', இப்போக்கின் உச்சம். எனினும் சங்கம் அதைப் போட்டியில் சேர்க்காமல், காட்சி ஓட்டத்திற்கு மட்டுமே அனுமதித்தது. 1963-இல் தடை நீங்கிய பின், ஒற்றை எஞ்சினும் காற்றழுத்த சூப்பர்சார்ஜரும் நைட்ரோமீத்தேனும் சேர்ந்த கூட்டணியே முன்னணிக்கு வந்தது.

ஸ்லிங்ஷாட்டின் முடிவைத் தீர்மானித்தது வேகமன்று, உயிர்ப் பாதுகாப்பு. 1970-இல் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் ஸ்லிங்ஷாட் காரில், அவருக்கு முன்னே இருந்த கியர் அமைப்பு வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி பறிபோனது. ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய கார் 1971-இல் பொமோனாவில் வென்றதும், பிறரும் அவ்வழியே திரும்பினர். பிறந்த ஆற்றலைத் தரையில் சேர்ப்பதும், சேர்ப்பவரை உயிருடன் காப்பதுமாகிய இரண்டு அளவுகோல்களையும் நிறைவு செய்த வடிவமே இன்றுவரை நிலைத்திருக்கிறது.