கிருமிக்கு நீச்சல் தெரியுமா?

நண்பரின் மகள் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ ஏதோ ஒரு கிராமத்தில் நான்கு வாரம் தங்க வேண்டும். கை கழுவுவது, தண்ணீர் காய்ச்சிக் குடிப்பது பற்றியெல்லாம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பயணச் செலவும் நிறுவனத்துக்குக் கட்டணமும் தொண்டரே கட்ட வேண்டும். 'முன் அனுபவம் தேவையில்லை' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. "போகலாமா மாமா?" என்றாள்.

அந்த மூன்று சொற்களையும் ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம். எதுவும் தெரியாத ஒருத்தி போய்ச் சொல்லித்தர முடியும் என்றால், கேட்பவர்கள் அவளைவிடவும் தெரியாதவர்களாக முன்கூட்டியே கட்டமைக்கப்பட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? பிள்ளை பெற்று, பேதிக்கு வைத்தியம் பார்த்து, சாவையும் பார்த்த ஒரு கிழவி அங்கே மாணவி. இருபத்தொரு வயசுப் பிள்ளை ஆசிரியை. இந்தத் தலைகீழ் யாருக்கும் உறுத்துவதில்லை.

இவான் இலிச்சுக்கு உறுத்தியது. 1968 ஏப்ரல் 20 அன்று மெக்ஸிகோவின் குவெர்னவாகாவில், கோடைத் தொண்டுக்கு வந்துபோகும் அமெரிக்க மாணவர் அமைப்பின் கூட்டத்தில் அவர்களிடமே அவர் பேசினார். உங்கள் நல்லெண்ணத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, உங்கள் நடுத்தரவர்க்க வாழ்முறையை விற்கவே வந்திருக்கிறீர்கள் என்றார். வேலை செய்தே தீர வேண்டுமானால் உங்கள் ஊர் ஏழைகளிடம் செய்யுங்கள், அங்கேயாவது 'போய்யா வெளியே' என்று அவர்கள் சொல்வது உங்களுக்குப் புரியும் என்பது அவர் வாதத்தின் கூர்முனை. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று முடித்தார்.

நம் வட்டாரத்தில் இதற்குக் கைதட்டு எளிதில் விழும். நானும் தட்டியவன்தான். ஆனால் பேசியவரும் வியன்னாவில் பிறந்த பாதிரியார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 'வராதே' என்பதோடு நாமும் கைகழுவிக்கொள்ள முடியுமா? வெளிநாட்டுக்காரரை நீக்கிவிட்டு உள்ளூர்க்காரரை வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பெரு நாட்டு லாஸ் மோலினோஸ் கிராமத்தின் கதை இங்கே உதவும். எட்வர்ட் வெலின் ஆய்வு செய்து 1955இல் எழுதியது. எவரெட் ரோஜர்ஸின் 'புதுமைகளின் பரவல்' (1962) வழியாக உலகப் புகழ் பெற்றது. சுமார் 200 குடும்பங்கள். குடிநீர் வாய்க்காலிலிருந்தும் கிணற்றிலிருந்தும் வந்தது, எல்லாமே அசுத்தம். நெலிடா என்ற சுகாதாரப் பணியாளர், வெள்ளைக்காரி அல்ல, பெருக்காரிதான், இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினார். 21 குடும்பங்களை மட்டும் தலைக்கு 15 முதல் 25 தடவை போய்ப் பார்த்தார். காய்ச்சத் தொடங்கியவர்கள் 11 குடும்பம்.

காரணம்? அந்த ஊரில் எல்லாப் பொருளுக்கும் சூடு, குளிர்ச்சி என்று இனம் உண்டு. காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது. நல்லா இருக்கிறவன் அதை ஏன் குடிக்கணும்? பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று வளர்ந்த நமக்கு இது மூடநம்பிக்கையாகத் தெரியாது, ஓர் ஒழுங்காகத் தெரியும். மறுத்தவர்களில் ஒரு பெண் எழுப்பிய கேள்விகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மனுசனே மூழ்கிச் சாகிற தண்ணீரில் கிருமி மட்டும் எப்படிப் பிழைக்கும், அதென்ன மீனா? கண்ணுக்கே தெரியாதது வளர்ந்த ஆளை என்ன செய்யும்? வறுமையும் பசியும் இருக்கும்போது இதற்கு வேறு பயப்படணுமா? விடை தவறாக இருக்கலாம், ஆனால் முறை அறிவியல் முறை. நெலிடாவிடம் இதற்குப் பதில் இல்லை, கிருமிக் கொள்கை மட்டுமே இருந்தது. ஏழைப் பெண்கள் அவரை அழுக்குப் பார்க்க வரும் உளவாளியாகவே எண்ணினார்கள். பாஸ்போர்ட் ஒன்றுதான், வர்க்கம் வேறு.

ரோஜர்ஸ் இதிலிருந்து எடுத்த பாடம், பண்பாட்டைப் புரிந்துகொண்டு பேசு என்பது. அதாவது இன்னும் சாமர்த்தியமாக விற்கக் கற்றுக்கொள். எனக்கு உடன்பாடில்லை. கதையின் தொடக்கத்தில் அவர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: இந்த ஊருக்குச் சுத்தமான குடிநீர் ஏற்பாடு சாத்தியமில்லை. அந்த ஒரு வரியில் அரசு காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது அடுப்படியில் நிற்கும் பெண். விறகும் அவள் பொறுப்பு, நேரமும் அவள் பொறுப்பு, குழந்தை செத்தால் பழியும் அவளுக்கு. சுகாதாரக் கல்வி என்கிற சொல்லாடல் குழாய்க்குப் பதிலாக வைக்கப்பட்ட மலிவுச் சரக்கு. தொண்டர் வந்தால் இன்னும் மலிவு.

இதற்காக, சொல்லித்தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, காரணம் வோமே. கினியாவின் அந்தக் கிராமத்துக்கு 2014 செப்டம்பரில் எபோலா பற்றி விளக்கப் போன குழுவில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்டு அதிகாரிகள், மருத்துவப் பணியாளர்கள், பத்திரிகையாளர்கள். அந்தக் கொலைக்கு நியாயம் கற்பிக்க முடியாது, ஆனால் அந்த அவநம்பிக்கை ஒரே நாளில் முளைத்ததும் அல்ல. பால் ரிச்சர்ட்ஸ் 2016இல் வெளியிட்ட எபோலா பற்றிய நூல், மக்கள் தாங்களாகவே நோயைக் கவனித்து, அடக்க முறையையும் மாற்றிக்கொண்டது நோய் அடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று வாதிடுகிறது. மீன் கேள்வி கேட்ட பெண்ணின் வாரிசுகள் இவர்கள் என்பேன்.

படிவத்தைப் புரட்டினேன். டீ-ஷர்ட் அளவு கேட்டிருந்தது, எந்தெந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டிருந்தது. என்ன மொழி தெரியும் என்ற கேள்வியைக் காணோம். காட்டினேன். "ஆமால்ல" என்றாள். அந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டு அவளே ஒரு கடிதம் போட்டாள். ஒரு மாசமாகிறது. கட்டணம் கட்டக் கடைசித் தேதியை நினைவூட்டி இரண்டு தடவை எழுதிவிட்டார்கள்.