எழுதாத ஆசிரியர்கள்: மரணப்படுக்கைத் தாள் ஒன்றை வாசித்தல்

கவிதையின் ஒரு காற்புள்ளிக்கு நாலு பக்கம் எழுதுகிற நாம், ஆஸ்பத்திரியில் நீட்டப்படும் தாளை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். 'டாக்டரின் ஆலோசனையை மீறி எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதி வாங்கப்படும் அரைப்பக்கத் தாள். இறுதிக்கால முடிவுகள் குறித்து நம் மருத்துவர்களின் மனோபாவம் என்ன என்று அறிய இதைவிடச் சிறந்த பிரதி கிடையாது.

அரக்கோணத்தில் பெரிய வியாதி என்றால் கிழக்கே சென்னை, இல்லை மேற்கே வேலூர். என் பெரியப்பாவைக் கிழக்கே கொண்டுபோனார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். 'எனக்குக் குழாய் கிழாய் எதுவும் சொருகாதீங்கடா, திண்ணையிலயே போயிடறேன்' என்று பலமுறை சொல்லியிருந்தார். ஒரு தனியார் மருத்துவமனையில் பதினேழு நாள் வெண்டிலேட்டரில் கிடந்தார். அவர் சொன்னதை டாக்டரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. 'இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல. ஆனா நாங்க நிறுத்த முடியாது. நீங்க வேணும்னா எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க' என்றார்.

இந்தப் பேச்சின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். 'பண்றதுக்கில்ல' என்பதற்கு எழுவாய் இல்லை. 'முடியாது' என்பதன் எழுவாய் மருத்துவம். 'கூட்டிட்டுப் போங்க' என்பதன் எழுவாய் குடும்பம். தாளுக்கு வரும்போது முதல் இரண்டும் காணாமல் போய், 'ஆலோசனையை மீறி' என்ற பொய் மட்டும் பதிவாகிறது. ஆலோசனையே அதுதானே! முடிவெடுத்தவர் எழுதவில்லை, எழுதியவர் முடிவெடுக்கவில்லை, யாருடைய உடலோ அவர் செயப்படுபொருளாகக் கிடக்கிறார். மருத்துவர்கள் இறுதிக்கால முடிவுகளை எடுக்கத் தயங்குகிறார்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. எடுக்கிறார்கள். தங்கள் பெயரில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ரொலான் பார்த்தை முன்வைத்து 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று சிறுபத்திரிகைகளில் எவ்வளவு விவாதித்தோம். வாழும் உயில் அந்த வாதத்தைச் சங்கடப்படுத்துகிற பிரதி. தான் பேச முடியாமல் போகும் நாளுக்காக ஒருவர் முன்கூட்டி எழுதிவைப்பது அது. அங்கே வாசகர் சுதந்திரம் என்றால் மருத்துவரின் அதிகாரம் என்றுதான் பொருள். ஆசிரியரின் நோக்கத்தைக் காப்பாற்றியாக வேண்டிய பிரதியும் உண்டு என்பதை நம் கோட்பாட்டாளர்கள் யோசிக்கலாம்.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் 'காமன் காஸ்' வழக்கில் இந்த உயிலுக்கு அங்கீகாரம் தந்தது. தந்த கையோடு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்றது. யார் போவார்கள்? இதை எளிமையாக்கக் கேட்டு நீதிமன்றம் போனதும் மருத்துவர்கள்தான், தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம். 2023 ஜனவரியில் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்றானது. ஆனால் 2024ல் மத்திய சுகாதார அமைச்சகம் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவது பற்றி வரைவு நெறிமுறை வெளியிட்டபோது, இது டாக்டர்களைச் சட்டச் சிக்கலில் மாட்டும் என்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. தினமும் ஐ.சி.யு.வில் நிற்கிறவருக்கு எழுதப்பட்ட விதி வேண்டியிருக்கிறது; சங்கத்துக்கு எழுதப்படாத வழக்கமே பாதுகாப்பாகப் படுகிறது. பயம் பொய்யல்ல. வழக்கு வரும், அடிதடியும் வரும். ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கட்டுவது படுக்கையில் கிடப்பவர்.

அருணா ஷான்பாக் வழக்கை இங்கே வேறுமாதிரி வாசிக்க வேண்டும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியான அவர் 1973 நவம்பரில், அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்தவர். பத்திரிகையாளர் பிங்கி விரானி அவருக்காகத் தொடுத்த மனுவை 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. (காலிப்பின் கவிதையோடு தொடங்கும் தீர்ப்பு அது.) அவர் சார்பாகப் பேசும் உரிமை விரானிக்கு இல்லை, இத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. 2015 மே 18ல் நிமோனியாவில் அவர் இறக்கும்வரை செவிலியர்கள்தான் ஊட்டினார்கள், துடைத்தார்கள், திருப்பிப் படுக்க வைத்தார்கள். அந்த உழைப்பிலிருந்து பிறந்த அதிகாரத்தை, தாளில் கையெழுத்து வாங்கும் அதிகாரத்தோடு சேர்த்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தும் அருணாவின் சொல் என்று ஒரு வரி அந்த வழக்கில் இல்லை என்பது உறுத்துகிறது.

தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: சிகிச்சையே கிடைக்காதவனுக்குச் சிகிச்சையை மறுக்கும் உரிமை எதுக்கு? நியாயம்தான். விருதுநகர், மதுரைப் பக்கத்துத் தலைக்கூத்தலைத் தெரிந்த நாம் 'பெரியவங்களே விரும்பினாங்க' என்ற வாக்கியத்தைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது. எண்ணெய் தேய்த்து, இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பதிலும் முடிவு வேறொருவருடையதுதான். ஆனால் பணம் தீர்ந்த அன்றைக்கு எழுதி வாங்கப்படும் தாளும் ஏழைக்கு அதையேதான் செய்கிறது. அவனுக்கென்று ஒரு எழுத்து இருந்தால் இரண்டையும் மறுக்கலாம். 'எனக்கு வைத்தியம் வேணும், கைவிடாதே' என்றும் அதில் எழுதலாமே.

இன்னொரு சிக்கல் மொழியில் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகள் இந்த விவகாரம் முழுவதையும் 'கருணைக் கொலை' என்ற சொல்லில் அடைத்துவிட்டன. அந்தச் சொல்லோடு பேச்சைத் தொடங்கினால் டாக்டர் முதல் வார்த்தையிலேயே குற்றவாளி. ஆகவே அவர் ஆங்கிலத்துக்குப் போகிறார், நமக்குப் புரியாமல் போகிறது. கிழவிகளிடம் வேறு சொற்கள் உண்டு: இழுத்துக்கிட்டுக் கிடக்கறது, அடங்கறது, போதும்னு விடறது. இந்த மூன்றாவதில் கொலை இல்லை, கைவிடலும் இல்லை.

முதல்நிலைக் குழுவில் மூன்று டாக்டர், அடுத்த குழுவில் இன்னும் மூன்று, அதில் ஒருவர் முதன்மை மருத்துவ அதிகாரி நியமிப்பவர் என்கிறது இப்போதைய விதி. அரக்கோணம் மாதிரி ஊர்களின் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்காக இந்த ஆறு பேரையும் யார் கூட்டுவது? கூட்டாதவரைக்கும் அந்த அரைப்பக்கத் தாள்தான் இங்கே சட்டம்.