வெகுளியும் ஊடலும்: மெய்ப்பாட்டியல் வகுக்கும் எல்லை

முன்னுரை

சினம் மாந்தர் அனைவர்க்கும் பொதுவான உணர்வு. ஆயினும் எதனைச் சினம் என ஏற்பது, எதனை வேறு பெயரிட்டு வேறிடத்தில் வைப்பது என்பதை ஒவ்வோர் இலக்கிய மரபும் தனக்கேற்ப வகுத்துக்கொள்கிறது. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் வெகுளியை ஏழாவதாக வைக்கிறது. இதனை வடமொழி நாட்டிய சாத்திரம் கூறும் ரௌத்திரச் சுவைக்கு நேராக நிறுத்தி அமைவது ஒப்பாய்வுகளில் காணப்படும் வழக்கம். இந்நேர்நிறுத்தம் வெகுளியின் தனித்தன்மையை மறைத்துவிடுகிறது. அத்துடன் வெகுளி எனும் வகைக்குள் இடம்பெறாத சினத்தையும் நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நான்கு நிலைக்களன்கள்

வெகுளி தோன்றும் களன்களாகத் தொல்காப்பியர் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கினைக் கூறுகிறார். இவை நான்கும் ஒருவர்க்குப் பிறர் இழைக்கும் தீங்குகள். வெகுள்பவரின் இயல்பு, செருக்கு, ஆசை ஆகியவற்றுள் ஒன்றும் இப்பட்டியலில் இல்லை. பொறாமையையும் முனிதலையும் ஆசிரியர் அறியாதவரல்லர். எண்வகைக்குப் புறம்பாகத் தொகுத்துரைக்கும் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளுள் அவ்விரண்டையும் தனித்தனியே வைத்துள்ளார். எனவே, தீங்கினை முன்னிட்டு எழுவது மட்டுமே வெகுளி என்பது அவர் கருதியே செய்த வரையறை எனலாம்.

நாட்டிய சாத்திரம் இப்பொருளை வேறு வகையில் அணுகுகிறது. ரௌத்திரத்தின் காரணங்களாக அது கூறுவனவற்றுள் இகழ்ச்சி, வன்சொல் முதலிய தீங்குகள் உண்டு. அவற்றோடு பொறாமையும் உண்டு. மேலும், அச்சுவை அரக்கர், தானவர், செருக்குடைய மாந்தர் ஆகியோர்க்கு இயல்பாக உரியது என்றும் அந்நூல் கூறுகிறது. அங்குச் சினம் பெரிதும் சினப்பவரின் இயல்பைக் காட்டுகிறது. தொல்காப்பியத்தில் அது நேர்ந்த தீங்கைக் காட்டுகிறது. வெகுளியைக் கண்டால் ‘இவர் எத்தகையவர்’ என்று கேளாமல் ‘இவர்க்கு என்ன நேர்ந்தது’ என்று கேட்கத் தூண்டுவது மெய்ப்பாட்டியலின் சிறப்பு.

உரையாசிரியர் இருவர்

இந்நான்கு சொற்களுக்கும் இளம்பூரணரும் பேராசிரியரும் கூறும் பொருள் ஒன்றன்று. குடிகோள் என்பதற்கு இளம்பூரணர் தமக்குக் கீழ் வாழ்வாரை நலிதல் எனப் பொருள் கொள்கிறார். பேராசிரியரோ மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு ஆகியவற்றிற்குக் கேடு சூழ்தல் என்கிறார். அலை என்பதில் இளம்பூரணர் வைதலையும் அடித்தலையும் சேர்த்துரைக்க, பேராசிரியர் கோல்கொண்டு வருத்துதல் முதலியவற்றையே குறிக்கிறார். கொலை என்பது இளம்பூரணர்க்குக் கொல்லத் துணிதல். பேராசிரியர்க்கு ஒருவரின் அறிவையும் புகழையும் அழித்துப் பேசுதல்.

இவ்வேறுபாடுகளில் ஒரு நகர்வு புலப்படுகிறது. இளம்பூரணர் வசைச்சொல்லை அடியோடு ஒப்பவைத்தார்; பேராசிரியர் புகழைச் சிதைக்கும் சொல்லைக் கொலைக்கு ஒப்பவைத்தார். உடலுக்கு நேரும் தீங்கினைக் காட்டிலும் பெயருக்கு நேரும் தீங்கு கொடிதாகலாம் என்னும் எண்ணம் பேராசிரியர் உரையில் இலக்கணமாகவே அமைந்துவிடுகிறது.

வகைக்குள் அடங்காத சினம்

எண்வகை மெய்ப்பாடுகளும் அகத்திற்கும் புறத்திற்கும் பொது என்பது உரை மரபு. அவ்வாறாயின், பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவன்மேல் தலைவி கொள்ளும் சினம் எங்கு அடங்கும்? நான்கு களன்களுள் எதிலும் அது நேரே இடம்பெறவில்லை. குடிகோளுக்குப் பேராசிரியர் கூறும் பொருளில் மனைவி இடம்பெறுகிறாள். ஆனால் அங்கு அவள் கேடுறும் பொருளாக நிற்கிறாள். அக்கேடு கண்டு வெகுள்பவன் அவள் கணவன். கணவனால் கேடுற்ற மனைவியின் வெகுளிக்கு அவ்விளக்கத்தில் இடமில்லை. அவள் சினம் ஊடல் எனப் பெயர் பெற்று மருதத்தின் உரிப்பொருளாகிறது.

திருக்குறளின் அமைப்பும் இப்பிரிவை உறுதி செய்கிறது. வெகுளாமை துறவறவியலில் 31ஆம் அதிகாரம். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை ஆகியன காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்கள். முன்னது விலக்கத்தக்க தீமை; பின்னவை இன்பத்திற்குத் துணை. நாட்டிய சாத்திரமோ பகைவர், பெரியோர், காதலர், பணியாளர் ஆகியோர்மேல் எழுவதும் பொய்யாகக் காட்டுவதும் எனக் குரோதத்தை ஐவகையாக்கி, காதலர் சினத்தையும் அப்பெயரால் அழைக்கிறது. தமிழ் மரபு ஊடலுக்கு அளித்த அழகு மறுக்கத்தக்கதன்று. எனினும், ஊடல் கூடலில் முடிய வேண்டியது என்னும் விதி, தலைவிக்கு நேர்ந்த தீங்கினைத் தீங்காகக் கருதவிடாமல் தடுத்தது என்பதையும் கூறியாக வேண்டும்.

கண்ணகி

இவ்வெல்லைக்கோடு தெளிவாகத் தெரியும் இடம் சிலப்பதிகாரம். மாதவியைப் பிரிந்து வந்த கோவலனிடம் கண்ணகி வெகுளவில்லை; சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். அவன் ஒழுக்கம் பிறழ்ந்ததைக் கொலைக்களக் காதையில் அவள் நேர்படச் சுட்டுவது உண்டு. அதுவும் வெகுளியாக வளர்வதில்லை. கணவன் கொலையுண்டபின் எழும் சினமே வெகுளியாகிறது.

அவ்வெகுளியைப் பேராசிரியர் கூறும் பொருள்கொண்டு நோக்கினால் வழக்குரை காதை மேலும் விளங்கும். கண்ணகி அரசவையில் நிறுவ முனைவது கோவலன் கள்வன் அல்லன் என்பதையே. உயிர்க்கொலையோடு பெயர்க்கொலையும் அங்கு வழக்காகிறது. பின்னர் அவள் தன் முலையைத் தானே திருகி எறிகிறாள். பிறர் இழைக்கும் தீங்காக இலக்கணம் கூறிய உறுப்பறை இங்கு வெகுள்பவளே தன்மேல் நிகழ்த்தும் செயலாக மாறுகிறது. தீக்கடவுளுக்கு அவள் இடும் ஆணையில் அறவோர், பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவியர் முதலியோர் விலக்கப்பட்டுத் தீத்திறத்தாரே சுட்டப்படுகின்றனர். இவ்வெகுளி தன்னிலை இழந்ததன்று. குற்றத்தை அளந்து செல்வது.

ஆனால் இத்துணை ஆற்றல் வாய்ந்த வெகுளி கணவன்பொருட்டு எழுந்தபோது மட்டுமே காப்பியத்தில் இடம் பெற்றது. புகாரில் தன்பொருட்டு எழுந்திருக்கத்தக்க சினத்திற்குக் காப்பியமும் பெயரிடவில்லை, இலக்கணமும் பெயரிடவில்லை.

முடிவுரை

தீங்கிலிருந்து வெகுளியை வரையறுத்த தொல்காப்பியம், சினத்தை நீதியோடு இணைத்துக் காணும் வழியைத் தந்தது. அவ்வழியிலேயே சென்று, யாருக்கு நேர்ந்த தீங்கு தீங்காக எண்ணப்பட்டது என்றும் வினவுதல் வேண்டும். மருதப் பாடல்களை ஊடலின் நயங்களாக மட்டும் கற்பித்து வரும் நாம், அவற்றுள் சிலவற்றையேனும் வெகுளியின் பாடல்களாகப் படித்துப் பார்ப்பது மெய்ப்பாட்டியலுக்கு முரணாகாது. அது வகுத்த அளவுகோலைத் தலைவிக்கும் உரியதாக்குவதே ஆகும்.