சிறிய தீமையின் விலை

சென்னை மாநகராட்சியின் 14ஆவது மண்டலம் பெருங்குடி. இங்கே குப்பை அள்ளும் வேலை அதிமுக ஆட்சிக் காலத்தில் தனியார் ஒப்பந்தத்துக்குப் போனது. திமுக ஆட்சிக்கு வந்த பிறகும் அது மாநகராட்சியின் கைக்குத் திரும்பவில்லை. 2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் அதே வழியில் ஒப்படைக்கப்பட்டன. மாதம் 23 ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வாங்கிக்கொண்டிருந்த தங்கள் கூலி 17 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும் என்று சொல்லித் தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், தலித்துகள். 13ஆம் தேதி நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களை இழுத்துக்கொண்டு போனது.

பெருங்குடியில் இருக்கும் இடதுசாரி மனம் கொண்ட வாக்காளருக்கு, அவர் ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்ப்பவரோ கண்ணகி நகரிலிருந்து வேலைக்கு வந்து போகிறவரோ, ‘ரெண்டு பேரும் ஒண்ணுதான்’ என்று சொல்ல இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆனாலும் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும்போது அவருக்குள் இன்னொரு குரல் எழுகிறது: ‘ஓட்டைப் பிரிச்சா பாஜக வந்துடும்.’ பத்து ஆண்டுகளாக இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில்தான் தமிழ்நாட்டின் இடதுசாரி ஓட்டு நிற்கிறது. இரண்டுமே உணர்ச்சியாகச் சொல்லப்படுகின்றன. இரண்டையும் நடந்தவற்றோடு உரசிப் பார்க்க வேண்டும்.

‘ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’ என்ற வாதத்துக்கு 2016இல் முழுத் தேர்வு நடந்தது. மார்க்சிஸ்ட் கட்சி, இந்திய கம்யூனிஸ்ட் கட்சி, மதிமுக, விடுதலைச் சிறுத்தைகள் சேர்ந்து மக்கள் நலக் கூட்டணி அமைத்தார்கள். பிறகு தேமுதிகவும் தமாகாவும் வந்தன. எல்லாம் சேர்ந்து வாங்கியது ஏறத்தாழ 6 சதவீதம். ஓர் இடம்கூட இல்லை. விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவன் காட்டுமன்னார்கோவிலில் 87 ஓட்டில் தோற்றார். அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் இருந்த இடைவெளியோ ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான். அந்த 6 சதவீதம் முழுவதும் திமுகவுக்குப் போயிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதில் கால் பங்கு போயிருந்தாலே ஆட்சி மாறியிருக்கலாம்.

மாறாமல் தொடர்ந்த ஆட்சியின் கணக்கில் 2018 மே மாதத் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு இருக்கிறது, 13 உயிர்கள். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் அதிமுக அளித்த ஆதரவும் இருக்கிறது. அந்தச் சட்டத்தைத் திமுக எதிர்த்து ஓட்டுப் போட்டது, தெருவிலும் எதிர்த்தது. குப்பை ஒப்பந்தத்தில் ஒன்றுபோல் நடந்த இரு கட்சிகளும் குடியுரிமைக்கு மதத்தை அளவுகோலாக்கும் சட்டத்தில் ஒன்றுபோல் நடக்கவில்லை. ஒப்பந்தத்தை ஒரு தீர்மானத்தால் ரத்து செய்துவிடலாம். இந்த மண்ணில் யார் குடிமகன் என்பதில் மதத்தை நுழைத்துவிட்டால் அதை எடுப்பதற்கு ஒரு தலைமுறை போதாது. தூய்மைப் பணியாளரின் இழப்பைச் சிறிதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு கேடுகளில் எதைத் திருத்த முடியும் என்று பார்ப்பதே இந்தக் கேள்வியில் முதல் அளவுகோல். அந்த அளவில் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்ற வாதம் நிற்கவில்லை.

ஆனால் சிறிய தீமைக்கு ஓட்டுப் போடச் சொல்பவர்கள் தங்கள் பக்க வரலாற்றைச் சொல்வதே இல்லை. 1998இல் பாஜகவோடு நின்றவர் ஜெயலலிதா. 1999இல் நின்றது திமுக. ஆக, மதவாதத்தைத் தடுக்கிறோம் என்று இடதுசாரிகள் 1999இலும் 2001இலும் அதிமுகவோடு போனார்கள். கிடைத்தது என்ன? 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ரங்கராஜன். இரண்டாண்டுக்கு முன் அதே ஆட்சியைக் கொண்டுவர உழைத்த கட்சியின் தலைவர் அவர். அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று அந்த வழக்கில்தான் தீர்ப்பு வந்தது. எந்தத் தீமையைத் தடுக்க ஓட்டுப் போட்டார்களோ, அதே தீமை சிறிய தீமையின் கையாலேயே வந்தது.

பிறகு நடந்ததையும் சேர்த்தே எடை போட வேண்டும். 2004 மக்களவைத் தேர்தலில் இடதுசாரிகள் அணி மாறினார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அதிமுக அணி இழந்தது. முடிவு வந்த சில நாளிலேயே மதமாற்றத் தடைச் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாகவும், ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளைக் கைவிடுவதாகவும் ஜெயலலிதா அறிவித்தார். நீதிமன்றத்தால் முழுதாக முடியாததை, ‘இவர்கள் போய்விடுவார்கள், போய்விட்டார்கள்’ என்ற அச்சம் செய்தது. என் தீர்ப்பு பெரிதும் இந்த ஐந்தாண்டுக் கதையில்தான் நிற்கிறது. விட்டுப் போகக்கூடிய ஓட்டுக்குத்தான் ஆட்சியாளர் செவி கொடுக்கிறார்.

போகவே போகாத ஓட்டு என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சைப் பார்க்கலாம். 2002இல் தீவிர வலதுசாரி லெ பென்னைத் தடுக்க இடதுசாரிகள் வலதுசாரியான சிராக்குக்கு ஓட்டுப் போட்டார்கள்; அவர் 82 சதவீதம் வாங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய அரசு ஓய்வூதியத்தில் கை வைத்தது. 2017இலும் 2022இலும் அதே தற்காப்பு ஓட்டு மக்ரோனுக்கு. லெ பென் குடும்பத்தின் இரண்டாம் சுற்று ஓட்டோ 2002இல் 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, 2017இல் 34, 2022இல் 41-க்கும் மேல். ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தினார்கள். வெளியே கூட்டம் கூடிக்கொண்டே போனது. கோபத்தில் பெரிய தீமைக்கே ஓட்டைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்கம் இருக்கிறது. 2019இல் மம்தாவை வீழ்த்த பாஜகவுக்குப் போன இடதுசாரி ஓட்டுத் திரும்பி வரவில்லை. 2021இல் அங்கே சட்டமன்றத்தில் இடதுசாரிகள் ஒருவர்கூட இல்லை.

தமிழ்நாட்டில் திமுக கூட்டணியால் இடதுசாரிகளுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்பதும் உண்மையல்ல. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றன. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெற்றார். பத்தே நாள். ஆனால் 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்து, பந்தல் பிய்க்கப்பட்டு, கைதாகி, உயர் நீதிமன்றம் வரை போன பிறகே சிஐடியு சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது. வேங்கைவயலில் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வழக்கில் பாதிக்கப்பட்ட தரப்பின் மீதே குற்றப்பத்திரிகை வந்தபோது, தோழமைக் கட்சிகளின் எதிர்ப்பு பெரும்பாலும் அறிக்கையோடு நின்றது. தமிழ்நாட்டில் அறிவிக்கப்படாத அவசரநிலையா என்று மார்க்சிஸ்ட் மாநிலச் செயலாளர் கே. பாலகிருஷ்ணன் 2025 ஜனவரியில் கேட்டார். பதில் திமுக நாளேடான ‘முரசொலி’யில் கண்டனமாக வந்தது. 2019 தேர்தலுக்கு இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் திமுக கொடுத்த 25 கோடி ரூபாயை இந்த இடத்தில் மறக்க முடியாது. கணக்கில் காட்டப்பட்ட பணம்தான், சட்டவிரோதம் இல்லை. என்றாலும் தேர்தல் செலவுக்கு இன்னொருவர் பணம் கொடுக்கும்போது, ‘போய்விடுவோம்’ என்ற சொல்லில் வலு இருக்காது.

இனி உள்ளூர்க் கணக்கு. 2024இல் தென்சென்னையில் திமுகவின் தமிழச்சி தங்கபாண்டியன் ஏறத்தாழ 5.16 லட்சம், பாஜகவின் தமிழிசை 2.90 லட்சம், அதிமுகவின் ஜெயவர்தன் 1.72 லட்சம். இரண்டே கால் லட்சம் வித்தியாசத்தைப் பார்த்தால் இங்கே தற்காப்பு ஓட்டே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் 2025 ஏப்ரலில் அதிமுகவும் பாஜகவும் மீண்டும் கை கோத்தன. அந்த இரண்டையும் கூட்டினால் எஞ்சுவது 54 ஆயிரத்துக்கும் குறைவு. பெருங்குடி அடங்கிய சோழிங்கநல்லூர், மாநிலத்திலேயே அதிக வாக்காளர்கள் உள்ள சட்டமன்றத் தொகுதி. அங்கே 2021இல் திமுக வென்றது ஏறத்தாழ 35 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில். இந்தத் தொகுதிகளைப் பாதுகாப்பானவை என்று எண்ணி விருப்பம்போல் ஓட்டுப் போடலாம் என்பது தவறான கணக்கு. நோட்டாவை அழுத்துவதும் வெற்றியை மாற்றாது.

ஆகவே மக்களவைத் தேர்தலில் சிறிய தீமைக்கு ஓட்டுப் போடுவது சரி. குடியுரிமைச் சட்டம் எழுதப்படுவது டெல்லியில். சட்டமன்றத்திலும் சரியே, ஆனால் தொகுதியில் போட்டி இழுபறியாக இருந்தால் மட்டும். அதுவும் மறுநாளே எதிர்த்து நிற்கும் சங்கத்திலோ இயக்கத்திலோ அந்த வாக்காளர் இருந்தால்தான். ஓட்டை மட்டும் கொடுத்துவிட்டு வாயையும் சேர்த்து மூடிக்கொண்டால், அடுத்த 13ஆம் தேதி நள்ளிரவுக்கு அவரும் உடந்தை.

மாநகராட்சியில் இந்த வாதத்துக்கு இடமே கிடையாது. 2022இல் சென்னையின் 200 வார்டுகளில் பாஜக வென்றது ஒன்றே ஒன்று; திமுக மட்டும் 153. மேயர் நாற்காலியில் பாஜக உட்காரும் ஆபத்து இல்லாத மன்றத்தில்கூட இடதுசாரிகள் திமுக ஒதுக்கிய சில வார்டுகளோடு அமைதி அடைந்தார்கள். நகரத்தில் பாதிப்பேருக்கு மேல் ஓட்டுப் போடவே வரவில்லை. குப்பை ஒப்பந்தம் முடிவாவது இந்த மன்றத்தில். பெருங்குடிக் குப்பைக் கிடங்கும், அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், தெருவைக் கூட்டும் பெண்ணின் கூலியும் இங்கேதான் விவாதத்துக்கு வருகின்றன. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் 14ஆவது மண்டலத்தின் எல்லா வார்டுகளிலும் இடதுசாரிகள் தனித்து நிற்க வேண்டும், தூய்மைப் பணியாளர்களையே வேட்பாளர்களாக நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால், சட்டமன்றத்துக்கு உதயசூரியனை அழுத்திய அதே விரலால் இடதுசாரி வாக்காளர் அவர்களுக்கு ஓட்டுப் போட வேண்டும்.