ராஜாவின் பாட்டை எடுத்தவர்கள்

லிவர்பூல் பையன்கள் 1960-ல் தங்களுக்கு பீட்டில்ஸ் என்று பெயர் வைப்பதற்கு இரண்டு வருடம் முன்பே பாவலர் வரதராஜன் மலை மேல் மைக் பிடித்துவிட்டார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். வாக்காளர்களில் பெரும்பங்கு தேயிலைத் தோட்டத் தமிழர்கள். காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னத்தைக் கேலி செய்து வரதராஜன் கட்டிய பாட்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் பரவியது, ரோசம்மா ஜெயித்தார். அண்ணனோடு பாஸ்கர், ராசய்யா, அமர் என்று தம்பிகள் சேரச் சேர அது 'பாவலர் பிரதர்ஸ்' ஆனது. கம்பம் பள்ளத்தாக்குக்கு பேண்ட் என்றால் அதுதான். சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம், கோம்பை தாண்டினால் அவர்கள் ஊரான பண்ணைப்புரம்.

வரதராஜன் புது மெட்டுக்காகக் காத்திருந்தவர் இல்லை. ஜனங்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் நாட்டுப்புற மெட்டு, சினிமா மெட்டு எதுவானாலும் எடுத்து, அதில் கட்சியின் சொல்லை ஏற்றுவார். பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதைப் பாண்டியர் பெருமையாகப் பொறித்துக்கொண்ட செப்பேடு கிடைத்த ஊர் சின்னமனூர். அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்வது இங்கே பழைய வழக்கம்தான். எடுத்த பாட்டுக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்தார்களா என்பதே கேள்வி. ராசய்யாவாக இருந்த இளையராஜாவின் பாட்டுகளை இன்று எடுத்தாளும் படங்களையும் அந்தக் கேள்வியால்தான் நிறுக்க வேண்டும்.

'சுப்ரமணியபுரம்' (2008) பாதி தேறுகிறது. 'கல்லுக்குள் ஈரம்' பாட்டு அங்கே வருடத்தைக் காட்டுகிறது, காதலுக்குப் பின்னணியாகிறது. அந்த வேலையை 1980-ல் வந்த வேறொரு நல்ல பாட்டும் செய்திருக்கும். 'முரட்டுக்காளை' ஓடும் தியேட்டர் காட்சி அப்படியில்லை. திரை முன்னால் கூடி ஆடும் அந்தக் கூட்டம்தான் படம் சொல்லவந்த மதுரை.

'96'-ல் (2018) 'தளபதி'யின் யமுனைப் பாட்டு கதைக்குள்ளேயே இருக்கிறது. பள்ளி நாட்களில் ராம் கேட்டுக் கேட்டு ஜானு பாடாமலே விட்ட பாட்டு அது. வருடங்கள் கழித்து மின்சாரம் போன வீட்டில் அவள் பாடத் தொடங்கியதும் விளக்கைத் தேடி ஓடுகிறானே, அந்தப் பதற்றம் முழுக்க அந்தப் பாட்டு இத்தனை நாள் பாடப்படாமல் கிடந்ததால் வந்தது. பாட்டை எடுத்துவிட்டால் காட்சியே இல்லை. இப்படிப் பழைய பாட்டைப் போடுவது அந்தப் படத்தின் இசையமைப்பாளருக்குத் திறமை இல்லாததைத்தான் காட்டுகிறது என்று 2019-ல் ராஜா சீறினார். அந்தத் தீர்ப்பு தப்பு. அந்த இடத்தில் புதுப் பாட்டு எவ்வளவு உயர்வாக இருந்தாலும் பயன்பட்டிருக்காது.

பாவலர் இருந்திருந்தால் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) பார்த்துத்தான் முதலில் சிரித்திருப்பார். 'குணா'வில் மனம் பிறழ்ந்தவன் காதலிக்குச் சொல்லும் கடிதம், கொடைக்கானல் குழியிலிருந்து நண்பனைத் தூக்கி வரும்போது நட்பின் பாட்டாகிவிடுகிறது. மெட்டிலும் வரியிலும் ஓர் அட்சரம் மாறவில்லை. பொருள் மட்டும் தலைகீழ். மலையாளிகள் எடுத்த படத்தில் இது நடந்தது நம் இயக்குநர்களுக்குக் கொஞ்சம் உறைக்க வேண்டும்.

'லப்பர் பந்து'வில் (2024) கெத்து என்ற ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கும்போது ஒலிக்கும் 'பொன்மனச் செல்வன்' பாட்டை நான் ராஜா கணக்கில் சேர்க்கமாட்டேன். அது விஜயகாந்துக்குப் போட்ட மாலை. 'குட் பேட் அக்லி' (2025)? மூன்று பாட்டு, மூன்று விசில், அவ்வளவுதான். பாட்டு ஏன் அங்கே வந்தது என்று படமே கேட்டுக்கொள்ளவில்லை.

ராஜா தன் பாட்டுக்கு உரிமை கோருவதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது லேசானதில்லை. ஊரார் மெட்டில் பாடி வளர்ந்த குழுவிலிருந்து வந்தவர், தன் மெட்டுக்கு மட்டும் வேலி போடலாமா? ஆனால் தேவிகுளத்து மேடைக்கு டிக்கெட் கிடையாது, ஓடிடி உரிமை கிடையாது. பாட்டால் யாருக்காவது லாபம் என்றால் அது கட்சிக்குக் கிடைத்த ஓட்டு. கோடிகளில் விற்கும் படம் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. 'குட் பேட் அக்லி' மீது 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடை இந்த வேறுபாட்டைத்தான் தொட்டது. ஆனால் கூலி பாக்கி வேறு, கலைக் குற்றம் வேறு. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துக்கும் ராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. அதனால் அந்தக் காட்சி ஒரு மாற்றுக் குறையவில்லை. காசு கொடுத்து, கையெழுத்து வாங்கி வரும் விசில் பாட்டும் உயர்ந்துவிடாது.

ஆக என் கணக்கில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' முதல், '96' அதை ஒட்டி, 'சுப்ரமணியபுரம்' நடுவில். மற்றவை ரசிகர் மன்ற வேலை.

இந்தப் படங்கள் எல்லாமே ராஜா என்ற ஒரு பெயரைத்தான் எடுக்கின்றன, குழுவை யாரும் எடுக்கவில்லை. ஊர் ஊராகப் போகும் கலைஞர்களின் பசி, கேலி, ஓட்டை வண்டி எல்லாம் ஓரளவாவது திரைக்கு வந்தது 'கரகாட்டக்கார'னில் (1989). அதை இயக்கிய கங்கை அமரன் அந்தக் குழுவின் கடைக்குட்டி. இளையராஜா வாழ்க்கையைத் தனுஷ் நடிப்பில் அருண் மாதேஸ்வரன் எடுப்பதாக 2024-ல் அறிவித்தார்கள். 1973-ல் இறந்துபோன மூத்த அண்ணனுக்கு அதில் எத்தனை காட்சி என்று கம்பம் பள்ளத்தாக்கில் கேட்காமல் விடமாட்டார்கள்.