மதுரை புக்க கோவலன்

சிலப்பதிகாரப் பதிகம் மூன்று உண்மைகளை நூலின் பயனாக நிறுத்துகிறது. முறை தவறிய அரசை அறமே ஒறுக்கும். கற்புடைய மகளை உயர்ந்தோர் போற்றுவர். முன்வினை தன் பயனைத் தந்தே தீரும். உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் இந்நூலைப் பழைய உரைகளுடன் அச்சேற்றிய நாள் முதல் எழுந்த ஆராய்ச்சிகளுட் பல இம்மூன்றையே சுற்றி வந்துள்ளன. கோவலன் ஏன் இறந்தான் என்று வகுப்பறையில் வினவினால், ஊழ்வினையால் என்னும் விடையே முதலில் வரும். விடை பிழையன்று. ஆனால், ஆராய்ச்சி தொடங்குமுன்னரே அது ஆராய்ச்சியை முடித்துவிடுகிறது.

மதுரைக் காண்டத்துக் காதைகள் 13. அவற்றுள் முதல் ஆறினை, ஊழைச் சற்றே ஒருபுறம் வைத்துப் படிப்பார்க்குத் தெளிவான உலகியற் கதையொன்று புலனாகும். பொருளிழந்த வணிகன் ஒருவன், வாழ்வின் நடுவே, மனைவியுடன் அயல்நகர் சென்று மீண்டும் தொழில் தொடங்க முயல்கிறான். அவ்வாறு செல்பவனுக்கு எவை வேண்டும், அவற்றுள் எவை கோவலனுக்குக் கிடைத்தன, எது கிடைக்கவில்லை என்பவற்றை இளங்கோவடிகள் ஒழுங்குபடக் காட்டியுள்ளார்.

நாணமும் முதலும்

குலத்தோர் தேடி வைத்த மலை போன்ற செல்வம் தொலைந்தது. அவ்வறுமை தனக்கு நாணம் தருகிறது என்று கோவலன் கண்ணகியிடம் கூறுகிறான். அவள் தன் சிலம்புகளைத் தருகிறாள். அவற்றை முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்து இழந்ததை ஈட்டுவேன் என்பது அவன் துணிவு. முதல் உண்டு, தொழிலறிவு உண்டு, உடன்வரும் மனைவியும் உண்டு. ஆயினும் இருவரும் பெற்றோர்க்கும் உரைக்காமல் விடியுமுன் புகாரை நீங்குகின்றனர். நாணம் வழித்துணையாக அன்றே உடன் வந்துவிட்டது.

30 காத வழியில் அவர்களுக்குக் கவுந்தியடிகள் துணையாக வாய்த்தார். மதுரைப் புறஞ்சேரியை அடைந்ததும் கோவலன் செய்ய நினைத்தது முற்றிலும் சரியான செயல். கண்ணகியை அடிகளிடம் விடுத்து, நகரத்து வணிகர்க்குத் தன் நிலையை அறிவித்து வருவதாகச் சொல்லிச் செல்கிறான்.

சென்றவன் என்ன செய்தான்? யவனர் காக்கும் வாயிலைக் கடந்து நகருள் புகுந்தான். அயல்நாட்டு மறவர்க்கும் வேலை தந்த நகரம் அது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கணிகையர் வீதி கண்டான். மணிகளின் குணமும் குற்றமும் அறிந்த வணிகர் வாழும் தெருவையும், பொற்கடை வீதியையும், அறுவை வீதியையும், கூல வீதியையும் கண்டான், மகிழ்ந்தான், மீண்டான். வணிகர் எவரிடமும் அவன் பேசியதாக நூலில் ஒரு குறிப்பேனும் இல்லை. புகழ்பெற்ற இந்நகர வருணனையைக் கவிஞர் தம் புலமை காட்டப் பாடிய பகுதி என்று கொள்வாரும் உளர். ஆனால், செய்யச் சென்ற செயலும் செய்து வந்த செயலும் வேறுபடுவதை நோக்கின், வருணனை முழுவதும் கோவலனின் தயக்கத்தையே மறைமுகமாகச் சொல்லுகிறது எனலாம். அவன் ஒவ்வொரு கடை முன்னும் நின்றான். ஒரு கடையிலும் நுழையவில்லை.

மனைக்குக் கிடைத்த இடம்

புறஞ்சேரிக்கு வந்த மாடலனும் கவுந்தியடிகளும், இவ்விடம் துறவோர்க்கே உரியது. நகரத்து வணிகர் நின் பெருமை கேட்டால் ஏற்றுக்கொள்வர். கதிர் மறையுமுன் மனைவியுடன் உள்ளே செல் என்று வற்புறுத்துகின்றனர். அந்நேரத்தில் ஆயர் முதுமகள் மாதரி அவ்வழி வருகிறாள். அடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகத் தருகிறார். அப்போது அவர் கூறும் சொல் இக்காண்டத்தின் திறவுகோல். இவள் கணவனுடைய தந்தையின் பெயரைக் கேட்டால், இந்நகரத்து வணிகர் அரும்பொருள் பெற்றவர் போல எதிர்கொண்டு தம் மனையில் வைத்துக்கொள்வர். அச்செல்வர் மனை புகும்வரை இவள் நின் பொறுப்பு என்கிறார் அடிகள். ஆயர்பாடி தங்கிச் செல்லும் இடம் மட்டுமே என்பதும், மாசாத்துவான் என்னும் பெயரே மதுரையில் செல்லுபடியாகும் நாணயம் என்பதும் இதனால் விளங்கும்.

கண்ணகிக்கோ அந்நகரில் எல்லாம் ஒரு நாளிலேயே கிடைத்துவிடுகின்றன. காவலமைந்த சிறிய மனை, துணைக்கு ஐயை, புதுக் கலங்கள், அரிசி, பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், பால், நெய், மோர் யாவும் வருகின்றன. நோன்பு காரணமாகப் பகலிலேயே உண்ணும் வழக்கத்தினர் இவர் என்பதையும் மாதரி கேட்டறிந்து உதவுகிறாள். செல்வ மகள் தன் கையால் காய் அரிகிறாள், விரல் சிவக்கிறது. ஐயை அடுப்பு மூட்டுகிறாள். பனையோலைத் தடுக்கில் கணவனை அமர்த்தி வாழையிலையில் உணவு படைக்கிறாள். புதிய ஊரில் குடும்பம் முதலில் வேரூன்றுவது அடுக்களையில்தான் என்பதை இதனினும் நயமாகக் காட்டல் அரிது. பிறர் உதவியைக் கண்ணகி நாணமின்றி ஏற்றாள்; ஆதலின் அவளுக்கு இடம் கிடைத்தது.

கடைவீதியில்

கோவலன் அவ்வாறு ஏற்கவில்லை. தந்தையின் பெயரைச் சொல்லி வணிகர் மனை புகுதலினும், சிலம்பை விற்ற கைப்பொருளோடு சென்று நிற்பதே தக்கது என எண்ணினான் போலும். நூல் இதனை வெளிப்படக் கூறவில்லை. ஆயினும், வழியிற் கண்ட கோசிகனிடம் ஓலை கொடுத்துப் பெற்றோர்க்குச் செய்தி அனுப்பியவன், மதுரையில் எவர்க்கும் ஒரு செய்தியும் அனுப்பவில்லை என்பது இவ்வெண்ணத்திற்கு அரண் செய்கிறது.

ஒரு சிலம்புடன் புறப்பட்டவனை ஆயர் தெருவில் ஏறு ஒன்று எதிர்த்து வருகிறது. அது தீய நிமித்தம் என்று அவன் அறியவில்லை. அவன் குலத்தார் அறிந்த செய்தியன்று அது என்று அடிகளார் காரணமும் கூறுகிறார். அயலூரின் குறிகளைப் படிக்க அவ்வூர்க் கல்வி வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அடுத்து எதிர்ப்பட்டவன், நூற்றுவர் கொல்லர் பின்வர வந்த பொற்கொல்லன். மணி நோட்டம் வல்லார் வீதியை முன்னரே கண்டிருந்தும், மாணிக்கப் பரல் பெய்த சிலம்பை அவர்பால் கொண்டு செல்லாமல், தோற்றத்தால் பெரியவன் எனத் தெரிந்தவனிடமே விலை மதிக்க வல்லாயோ என்று கோவலன் கேட்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். தன் திருட்டு வெளிப்படுமுன் பழியைச் சுமத்த அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. புலம்பெயர்ந்து வந்த புதியவன் என்னும் பொருளமைந்த சொல்லாலேயே அவன் கோவலனைத் தன் மனத்துள் குறிக்கிறான். அதே நூலின் புகார்க் காண்டத்தில், கடல்வழி வந்த புலம்பெயர் மாக்கள் கலந்து வாழும் ஊராகப் புகார் போற்றப்படுகிறது. அயலாரைக் கலந்து வாழச் செய்த ஊரின் மகன், மற்றோர் ஊரில் அயலான் என்பதனாலேயே குறிவைக்கப்படுகிறான்.

கொல்ல வந்த காவலருள்ளும், இவன் தோற்றம் கள்வனது அன்று என்றவர் இருந்தனர். ஆனால், இவன் இன்னான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அறிவற்ற களிமகன் ஒருவனின் வாள் அவ்வழக்கை முடித்தது.

காலங்கடந்து வந்த பெயர்

அப்பெயர் அரசன் அவையில் ஒலிக்கிறது. கண்ணகி தன் ஊர் புகார் என்கிறாள். மாசாத்து வாணிகன் மகன், வாழ்தல் வேண்டி நின் நகர் புகுந்தவன், அவன் மனைவி யான் என்கிறாள். முதல் நாளே வணிகர் வீதியில் சொல்லியிருக்க வேண்டிய பெயரை, கணவன் இறந்த பின் மனைவி சொல்லுகிறாள். வழக்குரை காதையின் அவலத்துள் இதுவும் ஒன்று. அவளும் ஊழ்வினை துரத்தியது என்றே கூறுகிறாள் என்பது உண்மை. ஊழை இளங்கோவடிகள் மறுக்கவில்லை. அது எவ்வாயில் வழியே நுழைந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இதனால் பாண்டியன் பழி குறையாது. ஆராயாமல் கொல்லப் பணித்த அரசும், புதியவனை எளிய இரையாகக் கண்ட கொல்லனுமே குற்றவாளிகள். கோவலனின் நாணம் குற்றமன்று. அது அவனைத் தனியனாக்கிய குறை.

மலாயா, சிங்கைத் தமிழர்க்கு இப்பகுதி அயலானதன்று. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அந்நாளில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளில், ஊர்ப்பெயரும் குடிப்பெயருமே புதிதாய் வந்தவனுக்கு அறிமுகமாயின. தோட்டங்களுக்குக் கங்காணியர் தம் ஊராரையே அழைத்து வந்தனர். அறிமுகத்தோடு கடனும் கட்டுப்பாடும் சேர்ந்து வந்ததும் உண்டு. ஆதலின் அம்முறையை முழுவதும் புகழ்தல் இயலாது. எனினும், வந்தவனை அறிந்தவர் ஒருவரேனும் வேண்டும் என்னும் உண்மை அதனால் பொய்யாகிவிடாது.

அடைக்கலக் காதையையும் கொலைக்களக் காதையையும் கற்பிக்கும் ஆசிரியர், ஊழ் என்னும் விடையோடு அமையாமல், கோவலன் வணிகர் வீதியில் யாரிடம் பேசினான் என்ற வினாவையும் மாணவர்முன் வைத்தல் நன்று. விடையை அவர்கள் நூலுள் தேடட்டும். வகுப்பிற்குப் புதிதாய் வந்து பின்வரிசையில் பேசாதிருக்கும் பிள்ளையை அப்போது அவர்களே திரும்பிப் பார்ப்பர்.